வாசகர் கேள்வி – பதில்: எலுமிச்சைப் படம் போட்ட டின்னுக்குள் எத்தனை மில்லிகிராம்?

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த டி.எச்.சி. என்னும் போதைச்சத்தைக் கலந்து அமெரிக்காவில் விற்கப்படும் குளிர்பானங்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அவற்றுக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் பக்கம் முழுவதையும் நிரப்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டதால், வேறு பொருள் எதையும் தொடாமல் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பத்தைந்து ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்று மருந்து அளந்து கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேனே தவிர, நான் வழக்கறிஞன் அல்லன்.

கேள்வி: ஐயா, மின்னெசோட்டாவில் இருக்கும் மகன் வீட்டில் ஆறு வாரம் தங்கிவிட்டு வந்தேன். குளிர்பெட்டியில் ஆரஞ்சுச் சாற்றுக்குப் பக்கத்தில் எலுமிச்சைப் படம் போட்ட டின் ஒன்று இருந்தது. தாகத்துக்கு அதை எடுத்தேன். மருமகள் ஓடி வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதில் கஞ்சாச் சத்து இருக்கிறதாம். ஆனாலும் சாராயக் கடையில் ரசீதோடு வாங்கியதாம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் கஞ்சா குற்றம் என்கிறார்கள். இது மட்டும் எப்படிக் கடைக்கு வந்தது? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: மருமகள் ஓடி வந்தது நல்லதாயிற்று, அம்மா. நீங்கள் இரத்த அழுத்தத்துக்கோ இரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், அது இன்னும் நல்லதாயிற்று.

இது கடைக்கு வந்த வழி ஒரு விழுக்காட்டுக் கணக்கு. 2018 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 என்னும் முதன்மை வகை டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடியையும் அதிலிருந்து எடுக்கப்படும் எல்லாவற்றையும் 'ஹெம்ப்' என்று பெயரிட்டுப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. புகையிலைச் சாகுபடி நலிந்துபோன கென்டக்கி போன்ற மாநிலங்களின் உழவர்கள் நாருக்கும் விதைக்கும் எண்ணெய்க்கும் இந்தச் செடியைப் பயிரிடட்டும் என்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அம்மாநிலத்தின் செனட்டர் மிட்ச் மெக்கானல்தான் அதை முன்னின்று நடத்தினார்.

வயலில் நிற்கும் செடிக்கு 0.3 விழுக்காடு மிகச் சிறிய அளவுதான். அதே விழுக்காட்டை ஒரு டின் பானத்துக்கு வைத்துப் பாருங்கள். 355 மில்லிலிட்டர் டின்னில் உள்ள நீர் ஏறத்தாழ 355 கிராம் எடை, அதில் 0.3 விழுக்காடு என்பது 1,065 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவருக்கு 5 மில்லிகிராமே தலையைக் கிறுகிறுக்க வைக்கும். ஆக, 5 மில்லிகிராம் போட்ட டின்னை விற்பவர், சட்டம் சொன்ன உச்சவரம்பில் இருநூறில் ஒரு பங்குதான் போட்டிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிந்தது. நீரின் எடையைக் கணக்கில் எடுக்கச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். மருந்துக்கடையில் எந்தத் திரவத்தையும் 'எத்தனை விழுக்காடு' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் நோயாளி பிழைக்கமாட்டார். ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லித்தான் கொடுப்போம். முதல் மாதப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளும் இந்தப் பாடம் ஒரு நாட்டின் சட்டத்தில் விடுபட்டுப்போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மின்னெசோட்டா மாநிலம் அந்த ஓட்டையைத் தன் அளவில் அடைக்கப் பார்த்தது. 2022 ஜூலை 1 முதல் அங்கே ஒரு வேளை அளவுக்கு 5 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 50 மில்லிகிராம், வாங்குபவருக்கு 21 வயது என்று வரம்பு வந்தது. பானமானால் ஒரு டின்னில் இரண்டு வேளை அளவுக்கு மேல் கூடாது என்று பின்னர் சேர்த்தார்கள். உங்கள் மகன் ரசீதோடு வாங்கியது அந்தச் சட்டத்தின் கீழ்தான். கனெக்டிகட் ஒரு குப்பிக்கு 3 மில்லிகிராம் என்று நிறுத்திக்கொண்டது. கலிபோர்னியா 2024 செப்டம்பரில், கண்டறியக்கூடிய டி.எச்.சி. சிறிதும் இருக்கலாகாது என்று அவசர விதி போட்டது. டெக்சஸ் சட்டமன்றம் முழுத் தடை கொண்டுவர, ஆளுநர் கிரெக் அபட் 2025 ஜூனில் அதை மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, செப்டம்பரில் 21 வயது வரம்பை ஆணையாகப் போட்டார்.

பிறகு மத்திய அரசே இறங்கியது. 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தை முடிப்பதற்காக 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான நிதிச் சட்டத்துக்குள், ஹெம்ப் என்பதன் இலக்கணத்தை மாற்றும் பகுதி ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. அதன்படி, விற்பனைக்கு வரும் ஒரு குப்பியில் எல்லா வகையும் சேர்ந்த மொத்த டி.எச்.சி. 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது ஹெம்ப் அன்று. கையெழுத்தான நாளிலிருந்து ஓராண்டு கழித்து இது நடைமுறைக்கு வரும் என்று அச்சட்டம் சொல்கிறது. 2018இல் கதவைத் திறந்த அதே மெக்கானல் இதையும் முன்னின்று கொண்டுவந்தார். போதையூட்டும் பானத்துக்காக அந்தச் சட்டத்தைத் தாம் எழுதவில்லை என்பது அவர் வாதம். அவருடைய மாநிலத்தின் மற்றொரு செனட்டரான ராண்ட் பால் அந்தப் பகுதியை நீக்கக் கொண்டுவந்த திருத்தம் 76க்கு 24 என்ற வாக்கில் தோற்றது.

என் கருத்தைக் கேட்டால், குப்பிக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவுகோலை மாற்றியது முழுக்கச் சரி. ஆனால் அந்த அளவுகோலில் அவர்கள் குறித்த எண், 5 மில்லிகிராம் டின்னில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராத ஓர் எண். பெயரளவில் வரம்பு, நடைமுறையில் தடை. அங்கே சாராய மொத்த வணிகர்கள் தடை வேண்டாம், ஒழுங்குமுறை போதும் என்கிறார்கள். குடிப்பழக்கம் குறைந்துவரும் காலத்தில் அவர்களுக்கு இந்தப் பானம் ஒரு கைத்தாங்கல். வரியும் பரிசோதனைச் செலவும் கட்டி உரிமத்தோடு கஞ்சா விற்கும் கடைக்காரர்களோ, அந்தச் சுமை எதுவும் இல்லாமல் பெட்ரோல் நிலையத்தில் இது விற்கப்படுவதைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். பிள்ளைகள் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வருவதைப் பார்க்கும் மருத்துவர்களின் குரல் இந்த இரண்டு தரப்பின் இரைச்சலுக்கு நடுவே கேட்கிறது. நான் அந்த மூன்றாம் குரலைத்தான் முதலில் கேட்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டி.எச்.சி. எண்ணெய்த் தன்மை உடையது, நீரில் கரையாது. பாலில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பரவி நிற்பதுபோல அதை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துத்தான் பானத்தில் நிறுத்துகிறார்கள். டின்னின் உட்புறம் பூசியிருக்கும் மெல்லிய படலம் அந்த எண்ணெய்த் துளிகளை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைத் தொட்டியில் 5 மில்லிகிராமாக இருந்தது, கடை அலமாரியில் சில வாரங்கள் இருந்தபின் குறைந்திருக்கலாம். அதை ஈடுகட்ட முதலிலேயே கூடுதலாகப் போட்டிருந்தால், புது டின்னில் கூடுதலாகவும் இருக்கலாம். தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியை மட்டும் சோதித்துச் சான்று கொடுப்பது போதாது. அலமாரியில் இருக்கும் டின்னையும் உடைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹெம்ப் என்றால் சணல்தானே? சணலில் ஏது போதை? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: அகராதி சில இடங்களில் அப்படிச் சொல்வதால் வந்த மயக்கம் இது. கோணிப்பை நெய்யும் நார் ஒரு செடி, கயிறு திரிக்கவும் பசுந்தாள் உரத்துக்கும் பயன்படும் சணப்பு வேறொரு செடி. இரண்டிலும் போதைச்சத்து கிடையாது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். டி.எச்.சி. குறைவாக இருக்கும்படி தேர்ந்து வளர்க்கப்பட்ட வகைக்குச் சட்டம் கொடுத்த பெயர் அது. ஆகவே 'சணல் பானம்' என்று எழுதும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: டொங்காட்டில் சிறு கடை வைத்திருக்கிறேன். 'ஹெம்ப் பானம், சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை' என்று சொல்லி ஒரு விற்பனையாளர் இரண்டு பெட்டி இறக்கப் பார்க்கிறார். வாங்கி வைக்கலாமா? நம் நாட்டில் கஞ்சாவுக்கு இப்போது அனுமதி உண்டு என்கிறார்களே? (கடைக்காரர், டொங்காட்)

பதில்: அவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். அந்தச் சரக்கின் தயாரிப்புத் தொகுதி எண்ணுக்குரிய ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். சான்று இல்லையென்றாலும், சான்றில் டி.எச்.சி. இத்தனை மில்லிகிராம் என்று கண்டிருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிறு கடைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி இலாபத்துக்காகப் போதைப்பொருள் விற்ற வழக்கில் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

'அனுமதி' என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. 2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், நீதிபதி சோண்டோ எழுதிய ஒருமனதான தீர்ப்பில், வயது வந்த ஒருவர் தனிமையில் தம் சொந்தப் பயன்பாட்டுக்குக் கஞ்சா வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் குற்றமாக்குவது தனியுரிமைக்கு எதிரானது என்று சொன்னது. அதைப் பின்பற்றி நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிப்பயன்பாட்டுக் கஞ்சாச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ராமபோசா 2024 மே 28 அன்று கையெழுத்திட்டார். இரண்டும் தனிமையில் நிகழும் சொந்தப் பயன்பாட்டைப் பற்றியவை. விற்பது, வாங்குவது, கடையில் அடுக்குவது எதற்கும் இவை இடம் கொடுக்கவில்லை. உங்கள் கடை உங்கள் வீட்டு முன்கூடமாகவே இருந்தாலும், அது கடைதான்.

விற்பனையாளர் காட்டக்கூடிய வேறொரு காகிதம் உண்டு. 2020 மே மாதத்து மருந்துப் பட்டியலின்படி, கஞ்சாவிலிருந்து பதப்படுத்திய பொருளில் டி.எச்.சி. 0.001 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், அது மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வராது. இந்த எண்ணையும் டின் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 355 கிராமில் 0.001 விழுக்காடு என்பது 3.5 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பாட்டிலானால் 10 மில்லிகிராம். கனெக்டிகட் மாநிலம் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லி ஒரு குப்பிக்கு விதித்த வரம்பே 3 மில்லிகிராம்தான். விதை எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வரும் சுவடுக்காக எழுதப்பட்ட ஒரு விழுக்காடு, பானத்தில் வந்து நின்றால் போதை தரும் அளவுக்கு இடம் விட்டுவிடுகிறது. இது விற்பனைக்குக் கிடைத்த அனுமதி அன்று. மற்றச் சட்டங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அமெரிக்காவை மாட்டிவிட்ட அதே விழுக்காட்டுக் கண்ணி நம் காகிதத்திலும் இருக்கிறது என்பதை நம் அதிகாரிகள் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் அரசு இதைக் கையாண்ட விதம் எனக்கு வருத்தம் தருகிறது. 2025 பிப்ரவரியில் நாட்டு நிலை உரையில், ஹெம்ப், கஞ்சா வணிக உற்பத்தியில் தென்னாப்பிரிக்கா முன்னணியில் நிற்க வேண்டும் என்றார் குடியரசுத் தலைவர். ஒரு மாதம் கழிந்ததுமே, மார்ச் 7 அன்று, நலவாழ்வு அமைச்சர் மோட்சொலேடி 1972ஆம் ஆண்டின் உணவுப்பொருள் சட்டத்தின் கீழ், கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் கொண்ட எந்த உணவையும் விற்பதும் செய்வதும் இறக்குமதி செய்வதும் கூடாது என்று அரசிதழில் விதி வெளியிட்டார். போதையே இல்லாத ஹெம்ப் விதை மாவும் விதை எண்ணெயும் அதில் அகப்பட்டுக்கொண்டன. முன்கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை என்ற எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களுக்குள் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. அமைச்சரின் அச்சம் பொய்யான அச்சம் அன்று. 2023 செப்டம்பரில் பிரிட்டோரியாவுக்கு வடக்கே சொஷாங்குவேயில், தெருவில் வாங்கிய கஞ்சா மஃபினைத் தின்று தொண்ணூறு பள்ளிப் பிள்ளைகள் அளவில் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆனால் அந்த மஃபினை விற்றவர் உரிமம் பெற்ற வணிகர் அல்லர். விதை மாவைத் தடுத்திருந்தால் அந்த மஃபின் நின்றிருக்காது.

மீண்டும் விதி எழுதும் நாள் வரும். அப்போது கேட்க வேண்டியவற்றில் முதலாவது, ஒரு குப்பிக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண். அது 5க்குக் கீழே இருக்கட்டும், பழக்கமில்லாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாக இருக்கட்டும். விற்கத்தான் வேண்டும் என்றால் அது உங்கள் கடை போன்ற, பள்ளிவிட்டு வரும் பிள்ளை இரண்டு ராண்டுக்கு மிட்டாய் வாங்கும் இடத்தில் வேண்டாம். சாராய உரிமம் உள்ள கடையில், அடையாள அட்டை பார்த்து, 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும் போகட்டும். பழப் படத்தை டின்னிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் வரமாட்டேன். சாட்ஸ்வொர்த் அம்மாவின் கை அந்த டின்னுக்குப் போனது எலுமிச்சைப் படத்தால்தான்.

கேள்வி: கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் முன்னோர் தொடாத பொருள் இது, முழுத் தடை ஒன்றே வழி என்று பெரியவர்கள் சொன்னார்கள். தங்கள் கருத்து என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பெரியவர்களின் அக்கறையை வணங்குகிறேன், ஐயா. ஆனால் முன்னோர் தொடாத பொருள் என்பதை ஒப்ப இயலவில்லை. சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த லேகியங்கள் உண்டு. 'சிவமூலி' என்ற பெயரையே நம் மொழி அதற்குக் கொடுத்திருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று நம் மாகாணத்தின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதன்பின் பத்தே ஆண்டுகளில், 1870இல், நேட்டால் அரசு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தைத் தொகுத்தபோது, 'கூலிகள்' கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைப்பதோ வைத்திருப்பதோ கூடாது, அவர்களுக்கு விற்பதும் கொடுப்பதும் கூடாது என்று ஒரு பிரிவை எழுதியது. கரும்புத் தோட்டத்தில் மறுநாள் காலை வேலைக்கு ஆள் தளர்ந்து வருவான் என்ற கவலை அதில் இருந்தது. ஒரு மனிதனை அவன் செய்யும் செயலால் அல்லாமல் அவன் யார் என்பதால் குறித்து எழுதிய விதி அது. அந்த மனிதர்கள் உங்கள் பாட்டனாரும் என் பாட்டனாரும். பின்னர் 1923இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியக் கஞ்சாவையும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்க்கும்படி உலக நாடுகள் சங்கத்துக்கு எழுதியது. 1925 ஜெனீவா உடன்படிக்கையில் அது சேர்ந்தது. 1928இல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று.

1870இலிருந்து 2018 வரை 148 ஆண்டுகள் தடை இருந்தது. அத்தனை ஆண்டுகளிலும் செடி போகவில்லை. நம் ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்ட 'டர்பன் பாய்சன்' என்ற வகை உலகெங்கும் பேர்பெற்றது. சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆகவேதான் நான் தடையைக் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் இதைத் தொடக் கூடாது என்பதில் உங்கள் பெரியவர்களுக்கும் எனக்கும் இம்மியும் வேறுபாடு இல்லை. அதற்குத் தடையைவிட, அளவும் வயதும் எழுதிய, சோதித்துப் பார்க்க ஆள் உள்ள விதி அதிகம் உதவும் என்பதே என் வாதம். விரத நாளில் சாராயத்தை விலக்குகிறவர்கள் இந்த டின்னையும் விலக்கிவிடலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை.

கேள்வி: தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சனிக்கிழமை இரவு இப்படி ஒரு டின் குடித்தால் திங்கட்கிழமைச் சிறுநீர்ச் சோதனையில் தெரியுமா? தெரிந்தால் வேலை போகுமா? (வாசகர், இசிப்பிங்கோ)

பதில்: தெரியக்கூடும், தம்பி. சாராயம் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும், டி.எச்.சி.யின் கழிவுப்பொருள் கொழுப்பில் தங்கிச் சிறுநீரில் பல நாள் வரும், அடிக்கடி எடுப்பவருக்கு வாரக்கணக்கிலும் வரும். நேற்றுப் போதையில் இருந்தாரா, பத்து நாள் முன்பா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. இந்தக் குறையைக் கருத்தில் கொண்டு 2024இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலையில் போதையோடு இருந்ததாகக் காட்டப்படாத ஓர் அலுவலக ஊழியரைச் சோதனை முடிவை மட்டும் வைத்து நீக்கியது நியாயமன்று என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நம்பி நீங்கள் குடித்துவிடாதீர்கள். அவர் மேசையில் அமர்ந்து வேலை செய்தவர். உங்கள் கையில் இருப்பது டன் கணக்கில் சுமை தூக்கும் எந்திரம். போதையில் இருப்பதாகத் தோன்றும் எவரையும் வேலையிடத்துக்குள் விடக் கூடாது என்று பணியிடப் பாதுகாப்பு விதி முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் வேலைக்கு இந்த டின் ஒத்துவராது.

கேள்வி: பேரன் வீட்டில் இப்படிப்பட்ட டின் இருக்கிறது. மூன்று வயதுக் கொள்ளுப்பேத்தி குளிர்பெட்டியைத் தானே திறக்கிறாள். அவள் குடித்துவிட்டால் என்ன செய்வது? (ஆயா ஒருவர், லெனேசியா)

பதில்: முதலில் இன்றைக்கே அந்த டின் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும், ஆயா. பேரன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றால் குடிப்பதற்கு முன் ஐஸ் போட்டுக்கொள்ளட்டும். மற்ற நேரத்தில் மருந்துப் பெட்டியைப் போலப் பூட்டிய அலமாரியில் உயரத்தில் இருக்கட்டும். பாதி குடித்து மேசையில் விட்ட டின்னும் டம்ளரும் முழு டின்னைவிட ஆபத்தானவை. குழந்தைக்கு அதைத் திறக்கும் வேலையும் இல்லை.

குடித்துவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதல் அரை மணி நேரம் குழந்தை இயல்பாக விளையாடுவாள். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வயிற்றுக்குள் போன டி.எச்.சி.யைக் கல்லீரல் அதைவிட வலிய மற்றொரு பொருளாக மாற்றுகிறது. அதனால் புகைப்பதைவிடத் தாமதமாக ஏறி, நெடுநேரம் நிற்கும். தள்ளாடுவது, எழுப்பினாலும் விழிக்காமல் உறங்குவது, வாந்தி, மூச்சு மெதுவாவது ஆகியவை பின்னால் வரலாம். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பால், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் புகட்டாதீர்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காலி டின்னைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். வீட்டுக்காரர் வழக்கு வரும் என்று அஞ்சி 'என்ன குடித்தாள் என்று தெரியவில்லை' என்று சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் மருத்துவர் மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா என்று தேடிக் குழந்தையின் முதுகில் ஊசி குத்திப் பார்க்கும் நிலை வரும். உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.